எழுந்து போகாத மான்

கரட்டு மலையின் அடிவாரத்தில் ஆவாரங்குளம் என்றொரு குளம் இருந்தது. அதைச் சுற்றியிருந்த காட்டில் மான்களும் முயல்களும் பன்றிகளும் குரங்குகளும் வாழ்ந்தன. குளத்தின் ஒரு பக்கம் மண்கரை. எப்போதோ மனிதர்கள் கட்டிவிட்டுப் போனது. பெய்த மழையைக் கோடை முழுக்கத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தது அந்தக் கரைதான்.

காட்டு விவகாரங்களைப் பேசி முடிக்க ஒரு சபை இருந்தது. மான், பன்றி, குரங்கு, மயில், ஆமை என்று ஐந்து உறுப்பினர்கள். யார் எந்த நேரம் தண்ணீர் குடிப்பது, யார் எங்கே மேய்வது, எந்த இடத்தைத் தோண்டலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பதெல்லாம் சபை சொன்னபடி நடக்கும்.

அந்தச் சபைக்கு ஒரு விதி உண்டு. தனக்கோ தன் கூட்டத்துக்கோ ஆதாயம் தரும் விஷயம் பேச்சுக்கு வந்தால், அந்த உறுப்பினர் எழுந்து உசிலை மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். அதைப் பற்றிப் பேசக் கூடாது. முடிவிலும் சேரக் கூடாது. மீறினால் அந்த முடிவு செல்லாது. மீறியவருக்குச் சபையில் இடமும் கிடையாது. முன்பு ஒரு நரி தலைமையில் இருந்தபோது, நிழல் விழும் கரை முழுவதையும் தன் மச்சான்மாருக்கே ஒதுக்கிக் கொடுத்துவிட்டது. அந்தக் கோடையில் பட்ட பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடிச் செய்த விதி அது.

விதியைக் காக்கும் பொறுப்பு பாறையன் என்ற உடும்பிடம் இருந்தது. பாறையன் சபையில் உறுப்பினர் இல்லை. ஒரு கல்லின் மேல் படுத்துக் கவனித்துக்கொண்டிருக்கும். எழ வேண்டியவர் எழாமல் இருந்தால், "எழுந்திருங்கள்" என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. மயிலை எழுப்பியிருக்கிறது. குரங்கை எழுப்பியிருக்கிறது. ஆமையை எழுப்பினால், அது மரத்தைப் போய்ச் சேர்வதற்குள் பேச்சே முடிந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனாலும் ஆமை போகத் தவறியதில்லை.

மான் உறுப்பினரின் பெயர் அல்லி. காட்டில் அல்லியைப் பிடிக்காதவர்கள் கிடையாது. நோயில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கும். சண்டை போட்டவர்களைச் சேர்த்து வைக்கும். ஒரு வருஷம் காய்ந்த புல்லில் தீப்பிடித்து எல்லோரும் ஓடியபோது, அல்லி மட்டும் புகைக்குள் திரும்பி வந்தது. பாறையனின் வளை வாசலில் நின்று குளம்பால் தரையை உதைத்து உதைத்துக் கூப்பிட்டது. பாறையன் விழித்து வெளியே வந்து பிழைத்துக்கொண்டது. அல்லியின் ஒரு காது ஓரம் கருகிப் போயிற்று. அது பிறகு சரியாக வளரவே இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையிலும் பெய்யவில்லை. குளம் சுருங்கிச் சுருங்கி மண்கரையோரம் ஒரு சேற்றுப் பள்ளமாக நின்றது.

அதிகாலையில் தண்ணீர் குடிக்கும் முறை முயல், காடை, கீரி போன்ற சின்ன உயிர்களுக்கு உரியது. வெயில் ஏறினால் கழுகு வட்டமிடும். அதனால் அவர்களுக்கு அந்த நேரம். மான்கள் நடுப்பகலில் குடிக்கும். ஆனால் அந்த வருஷம் மான் கூட்டத்தில் நிறையக் குட்டிகள் பிறந்திருந்தன. அல்லிக்கும் ஒரு குட்டி. தாய்களுக்குப் பால் வற்றிவிட்டது. வெயிலில் குளம் வரை நடந்து வர முடியாமல் குட்டிகள் வழியிலேயே படுத்துக்கொண்டன.

சபை கூடியது. அதிகாலை முறையை மான் கூட்டத்துக்கு மாற்றித் தருவதா என்ற பேச்சு வந்தது.

எல்லோரும் அல்லியைப் பார்த்தார்கள். அல்லி உசிலை மரத்தைப் பார்த்தது. எழுந்து இரண்டு அடி நடந்தது. பிறகு நின்றது.

"நான் போய்விட்டால் என் குட்டியின் நிலைமையை உங்களுக்கு யார் சொல்வார்கள்? நேற்றிலிருந்து அதற்கு நிற்கவே முடியவில்லை. காலை மடக்கி மடக்கி விழுகிறது" என்றது.

சொல்லும்போதே அதன் குரல் உடைந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மயில் தலையைத் திருப்பிக்கொண்டது. பன்றி தொண்டையைச் செருமியது.

பாறையன் கல்லின் மேல் இருந்தது. சொல்ல வேண்டிய சொல் அதன் வாய் வரை வந்தது. அப்போது அந்தக் கருகிய காது அதன் கண்ணில் பட்டது. 'இவளையா வெளியே போகச் சொல்வது? இவள் தனக்காகவா கேட்கிறாள்? பச்சைக் குட்டிக்காகத்தானே?' என்று நினைத்தது. வாயை மூடிக்கொண்டது.

அழுகிற தாயின் முகத்துக்கு நேரே யாருக்கும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. மற்ற நான்கு பேரும் சம்மதம் என்றார்கள். அல்லியும் சம்மதம் என்றது. அதிகாலை மான்களுக்கு, நடுப்பகல் சின்ன உயிர்களுக்கு என்று முடிவாயிற்று.

சபை கலைந்த பிறகு பஞ்சு என்ற முயல் பாறையனிடம் வந்தது. பஞ்சுவுக்கும் இரண்டு குட்டிகள் இருந்தன. கண் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

"பாறையண்ணே, ஒன்று கேட்கலாமா?"

"கேள்."

"மான் ஏன் எழுந்து போகவில்லை?"

பாறையனுக்கு எரிச்சல் வந்தது. "அல்லியைப் பற்றி உனக்குத் தெரியாதா? அவள் யாரையாவது ஏமாற்றுகிறவளா?"

"அவள் நல்லவள் என்று எனக்கும் தெரியும். நான் அதைக் கேட்கவில்லை. ஏன் எழுந்து போகவில்லை என்றுதான் கேட்டேன்."

"குட்டி சாகக் கிடக்கிறது பஞ்சு. இதில் போய் விதியைப் பேசுவதா?"

பஞ்சு திரும்பிக்கொண்டது. "எனக்கும் குட்டி இருக்கிறது" என்றது. பிறகு போய்விட்டது.

அல்லியின் குட்டி அதிகாலைத் தண்ணீர் குடித்துத் தேறியது. எழுந்து நின்றது. தாயின் பின்னால் துள்ளி நடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பாறையனுக்கு மனம் நிறைந்தது. 'நாம் செய்தது சரிதான்' என்று சொல்லிக்கொண்டது.

சின்ன உயிர்களின் நிலைமை வேறாக இருந்தது. நடுப்பகலில் குளத்துக்கு வரும் வழி வெட்டவெளி. ஒரு காடைக் குஞ்சைக் கழுகு கொண்டுபோயிற்று. பஞ்சு பயந்துவிட்டது. தன் குட்டிகளைத் தூரத்துப் புதரில் விட்டுவிட்டு அந்த வெளியில் ஓடி வர அதற்குத் துணிச்சல் இல்லை. கரைக்கு வெளியே, கரையின் அடியில், அடர்ந்த தருப்பைப் புல் இருந்தது. குட்டிகளை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டது. அங்கிருந்து கரை ஏறி இறங்கினால் தண்ணீர்.

இப்படி இருக்கும்போது, பன்றி ஒரு கோரிக்கையோடு சபைக்கு வந்தது. அதன் பெயர் தவிடன். காடெல்லாம் காய்ந்து கிழங்கு கிடைக்காமல் போய்விட்டது. குளத்துக் கரையில் மட்டும் ஈரம் இருந்தது. அங்கே கோரை தழைத்திருந்தது. கோரைக்கு அடியில் கிழங்கு. கரையைத் தோண்டக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. தன் கூட்டத்துக்கு மட்டும் அதைத் தளர்த்த வேண்டும் என்று தவிடன் கேட்டது.

பாறையன் நிமிர்ந்து உட்கார்ந்தது. "இது உங்கள் கூட்டத்து விஷயம் தவிடா. எழுந்திருங்கள்."

தவிடன் அசையவில்லை.

"மான் எழுந்ததா?" என்று கேட்டது.

எல்லோரும் பாறையனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்றைக்கும் நீ அந்தக் கல்லின் மேல்தான் இருந்தாய் பாறையா. மான் இங்கேயே நின்று பேசியது. இங்கேயே நின்று சம்மதமும் சொன்னது. உன் நாக்கு அப்போது எங்கே போயிருந்தது?"

"அது குட்டிகளின் உயிர்ப் பிரச்சினை" என்றது பாறையன். சொல்லும்போதே குரல் உள்ளே இறங்கியது.

"என் குட்டிகளுக்கு வயிறு இல்லையா? அவை எலும்பும் தோலுமாகத் திரிவது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா? மான் அழுதால் அழகாக இருக்கிறது. நான் அழுதால் யாருக்கும் பார்க்கப் பிடிக்காது. அவ்வளவுதானே?"

தவிடன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

குரங்கு வேண்டாம் என்றது. கரை பலவீனமாகிவிடும் என்று ஆமையும் மறுத்தது. மழைதான் இல்லையே, கரைக்கு என்ன வேலை என்று மயில் சம்மதித்தது. தவிடன் தனக்குத் தானே சம்மதம் என்றது. கடைசியில் அல்லியின் முறை.

அல்லி தலையைக் குனிந்துகொண்டது. அதற்குக் கரையைப் பற்றித் தெரியாமல் இல்லை. ஆனால் தனக்காகச் சம்மதித்த பன்றிக்கு, தான் செய்ததையே செய்கிற பன்றிக்கு, எந்த வாயால் மறுப்பது?

"சம்மதம்" என்றது மெதுவாக.

மறுநாளே பன்றிகள் கரையில் இறங்கின. மூக்கால் கிளறின. கோரை வேரோடு பெயர்ந்து விழுந்தது. வேர் பிடித்து வைத்திருந்த மண் உதிர்ந்தது. பன்றிக் குட்டிகள் வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையத் தின்று நிழலில் படுத்து உறங்கின. கரையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. அது நாளுக்கு நாள் ஆழமாயிற்று.

பஞ்சு மீண்டும் பாறையனிடம் வந்தது.

"கரையில் கசிவு இருக்கிறது அண்ணே. இந்தக் கொஞ்சத் தண்ணீருக்கே வெளிப்பக்கம் மண் ஈரமாகிறது. மழை வந்தால் நிற்குமா?"

"குட்டிகளை அங்கிருந்து எடுத்துவிடு பஞ்சு."

"எடுத்து எங்கே வைப்பது? பழைய இடத்துக்குப் போனால் நடுப்பகலில் வெட்டவெளியைக் கடக்க வேண்டும். மேலே கழுகு. எங்கள் நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள், இன்றைக்கே போய்விடுகிறேன்."

பாறையன் அன்று இரை தேடப் போகவில்லை. செய்ய வேண்டியது என்ன என்று அதற்குத் தெரிந்தது. அல்லி விதியை மீறியதைச் சபையில் சொல்ல வேண்டும். அந்த முடிவைச் செல்லாததாக்க வேண்டும். அதைச் செய்தால்தான் தவிடனைத் தொட முடியும். வேறு வழியில்லை.

அது அல்லியைத் தேடிப் போயிற்று. அல்லி தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"அல்லி, அந்த அதிகாலை முறையை நீயே திருப்பிக் கொடுத்துவிடு. நீ அன்று அங்கேயே நின்றது தப்பு. நான் எழுப்பாமல் விட்டது அதைவிடத் தப்பு. நாம் இருவரும் அதைச் சபையில் சொன்னால் பன்றிகளைக் கரையிலிருந்து இறக்கிவிடலாம்."

அல்லி குட்டியைப் பார்த்தது.

"இப்போதுதான் இது ஓடவே ஆரம்பித்திருக்கிறது அண்ணா. மறுபடி வெயிலில் நடக்கவிட்டால் தாங்காது. மழை வரட்டும். மழை வந்தால் எங்கும் தண்ணீர் இருக்கும். யாருக்கும் முறையே வேண்டாம். அன்றைக்கு நானே சபையில் எழுந்து சொல்லிவிடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்."

பாறையன் நினைத்திருந்தால் அல்லியைக் கேட்காமலே சபையைக் கூட்டியிருக்கலாம். அதற்கு அந்த அதிகாரம் இருந்தது. ஆனால் குட்டி பாறையனின் முதுகின் மேல் தாவி விளையாடிக்கொண்டிருந்தது. சின்னக் குளம்புகள் உறுத்தின.

"சரி. மழை வரும்வரை" என்றது பாறையன்.

மழை வந்தது. ஒரு சாயங்காலம் கரட்டு மலையின் மேல் வானம் கறுத்து, காற்று சுழன்று, பெரிய பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. காடே வெளியே வந்து நனைந்தது. மயில் தோகையை விரித்தது. பன்றிக் குட்டிகள் சேற்றில் புரண்டன. மான்கள் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தன. மழை நிற்கவில்லை. மலையிலிருந்து ஓடைகள் பெருக்கெடுத்துக் குளத்துக்குள் பாய்ந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளம் நிறைந்தது.

பஞ்சு அப்போது கரைக்கு உள்பக்கம் நின்று தளிர் கொறித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் கரையை நோக்கி ஓடியது. பன்றிகள் கிளறிய பள்ளத்தின் வழியே தண்ணீர் கசிந்து, பிறகு வழிந்து, பிறகு கரையையே பிளந்துகொண்டு போயிற்று. பஞ்சு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போக வழி இல்லை.

மழை ஓய்ந்தபோது தருப்பைப் புல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சேற்றில் படுத்துக் கிடந்தது. பஞ்சு அதற்குள் நுழைந்து ஒவ்வொரு கொத்தாக விலக்கி விலக்கிப் பார்த்தது. பாறையனும் வந்து தேடியது. தவிடன்கூட வந்து மூக்கால் சேற்றைக் கிளறிப் பார்த்தது. அல்லி கொஞ்சம் தள்ளி நின்றது. அருகே வர அதற்குக் கால் வரவில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை. குளத்திலும் தண்ணீர் இல்லை. வந்த மழை அத்தனையும் உடைந்த கரை வழியாகப் பள்ளத்தாக்குக்கு ஓடிவிட்டது.

பாறையன் சபையைக் கூட்டியது.

"முதலில் மான் விஷயம்" என்றது. "அதிகாலை முறையைப் பற்றிய பேச்சில் அல்லி எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. எழுப்ப வேண்டியவன் நான். எழுப்பவில்லை. அந்த முடிவு செல்லாது."

"ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று நான் போயிருந்தால் என் குட்டி செத்திருக்கும்" என்றது அல்லி.

குரங்கு அதை நிமிர்ந்து பார்த்தது.

"செத்திருக்காது அல்லி. நீ போய் அந்தப் பக்கம் நின்றிருந்தாலும் நாங்கள் உன் குட்டிக்கு வழி செய்திருப்போம். எங்களுக்கு மட்டும் கண் இல்லையா? ஆனால் நீ இல்லாத இடத்தில், பஞ்சுவையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்போம். பாதி நேரம் உங்களுக்கு, பாதி நேரம் அவர்களுக்கு என்று பிரித்திருப்போம். நீ முன்னால் நின்று அழும்போது எங்களால் வாயைத் திறக்க முடியவில்லை."

அல்லி தன் இடத்தை விட்டு எழுந்தது. உசிலை மரத்தைத் தாண்டி, நிற்காமல் நடந்துகொண்டே போயிற்று.

அடுத்து தவிடன். பாறையன் கூப்பிடும் முன்பே அது எழுந்துவிட்டது. "கரை உடையும் என்று நான் நினைக்கவில்லை. பசி" என்றது. அதன் இடமும் போயிற்று.

"என்னையும் இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றது பாறையன். சபை அதற்கும் சம்மதித்தது.

ஆமை பஞ்சுவைக் கேட்டது. "உனக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும், சொல்லம்மா."

பஞ்சு பாறையனைத்தான் பார்த்தது.

"மான் ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்டேனே அண்ணே. அன்றைக்கே அதற்குப் பதில் சொல்லியிருந்தால் போதும். இனிமேல் எனக்கு எதுவும் வேண்டாம்" என்றது. அன்று மாலையே அது மலையைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்தவர்கள் கரையை அடைக்கப் பார்த்தார்கள். தவிடன் கூட்டம் பகலெல்லாம் மண்ணைத் தள்ளியது. அடுத்த மழை அதையும் கரைத்துக்கொண்டு போயிற்று. தை பிறந்தபோது காட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு கூட்டமாக ஆற்றுப் பக்கம் கிளம்பியது.

மான் கூட்டம் கிளம்பிய அன்று பாறையன் வழியனுப்ப வந்தது. அல்லியின் குட்டி நன்றாக வளர்ந்திருந்தது. அது முன்னால் ஓடிவிட்டது. அல்லி மட்டும் நின்றது.

"அன்று நீங்கள் என்னை எழுந்திரு என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும் அண்ணா."

"தெரியும்."

"உங்களோடு பேசாமலே இருந்திருப்பேன்."

"அதுவும் தெரியும். அதற்குத்தான் பயந்தேன்."

"கொஞ்ச நாளில் அந்தக் கோபம் ஆறியிருக்கும்" என்றது அல்லி. பிறகு கூட்டத்தின் பின்னால் மெல்ல நடந்து போயிற்று.

நல்லவருக்காக ஒரு முறை தளர்த்திய விதி, பிறகு யாரையும் தடுக்கும் வலு இல்லாமல் போகிறது. அதன் விலையை ஒரு பாவமும் அறியாத எளியவர்களே கொடுக்கிறார்கள்.